வராத பிள்ளையை எந்தச் செயலி தேடும்?

அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி நாட்டில் ஒரு தீர்ப்பு எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. கை நிறையச் சம்பளம் வாங்குகிறார்கள், நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் பாடம் நடத்துவதில்லை; ஆகவே ரேகை வை, முகத்தைப் பதிவு செய், இருப்பிடத்தைக் காட்டு, வகுப்பறையில் கேமரா மாட்டு, செய்த ஒவ்வொரு வேலைக்கும் செயலியில் சாட்சி கேள். சாத்தூர் டீக்கடையிலும் இதுதான் பேச்சு, சென்னைத் தொலைக்காட்சி விவாதத்திலும் இதுதான் பேச்சு. ஐ.டி. கம்பெனிக்காரர் அட்டையைத் தேய்த்துவிட்டுத்தானே உள்ளே போகிறார், வாத்தியாருக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல் என்று சிலர் கேட்கிறார்கள். யோக்கியனுக்கு எதற்குப் பயம் என்று சிலர் முடித்துவைக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தை, அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசுக் கிராமங்களை மனத்தில் வைத்து மறுக்கிறேன். பள்ளியில் யாரை, எதற்காக, யார் கவனிக்க வேண்டும் என்பதை இந்த மண் ரத்தம் கொடுத்துக் கற்றிருக்கிறது.

மறுக்க முடியாததை முதலில் ஒத்துக்கொள்வோம். ஆசிரியர் வராத பள்ளி கட்டுக்கதை இல்லை. 2003-ல் மைக்கேல் கிரேமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பி, சொல்லாமல் போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இல்லை. அரசுப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பச்சைத் துரோகம். வராத ஆசிரியருக்காக நான் வாதாடவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அதிகாரி அண்மையில் நேரில் வந்துபோன பள்ளியிலும், கட்டடமும் வசதியும் ஓரளவு உள்ள பள்ளியிலும், தார்ச்சாலைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியிலும் ஆசிரியர் வருகை கூடுதலாக இருந்தது. 25 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, சாலையையும் அதிகாரியின் காலடியையும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

2017-ல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 6 மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தது. பள்ளியில் இல்லாத ஆசிரியர் 18.5 விழுக்காடு. ஏன் இல்லை என்று விசாரித்தபோது பெரும்பாலோர் அரசே அனுப்பிய வேலையிலோ, பயிற்சியிலோ, அனுமதி பெற்ற விடுப்பிலோ இருந்தார்கள். காரணமே இல்லாமல் வராதவர் 2.5 விழுக்காடுதான். அந்த 2.5-ஐப் பிடிக்க மீதி எல்லோர் முகத்தின் முன்னாலும் கேமராவை நீட்டுவதற்கு முன், அவர்களைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்புவது யார் என்று கேட்டிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. படிவம் நிரப்புவதற்கு அதில் விலக்கு இல்லை.

கேமராவுக்காக வாதிடுகிறவர்களிடம் ஒரு வலுவான ஆயுதம் இருக்கிறது. எஸ்தர் டஃப்லோவும் ரேமா ஹன்னாவும் ஸ்டீபன் ரயனும் ராஜஸ்தானின் உதய்பூர் பக்கத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் மையங்களில் நடத்திய சோதனை அது. நாள் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவர் ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். படத்தில் தேதியும் நேரமும் மாற்ற முடியாதபடி விழும். மற்ற மையங்களில் 42 விழுக்காடாக இருந்த வராமை, கேமரா இருந்த மையங்களில் 21 ஆனது. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஓரளவு ஏறியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அங்கே கேமரா தனியாக வேலை செய்யவில்லை. வந்த நாளைக் கணக்கிட்டுத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஆய்வின் தலைப்பே ஊக்கத்தொகையைத்தான் முன்னால் வைக்கிறது, கேமராவை அல்ல.

இதன் தொடர்ச்சியை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதே உதய்பூர் மாவட்டத்தில் அரசுக் கிராமச் செவிலியர்களுக்கு நேர முத்திரை இயந்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். அபிஜித் பானர்ஜி, டஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் மூவரும் 2008-ல் அதை எழுதினார்கள். முதல் ஆறு மாதம் வருகை நன்றாக உயர்ந்தது. 16 மாதம் கழித்துப் பார்த்தால் கண்காணிக்கப்பட்டவருக்கும் கண்காணிக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லை. காரணம் இயந்திரம் இல்லை. ‘இன்று விலக்கு’ என்று நிர்வாகமே எழுதிக்கொடுக்கும் நாள்கள் பெருகிவிட்டன. மேலே இருப்பவர் மாறாத இடத்தில் கருவி தோற்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்நாட்டில் கதை இப்படிப் போனது. 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்கு முகம் பார்த்து வருகை எடுக்கும் முறை சோதனையாக வந்தது. 2019-ல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆதாருடன் இணைந்த ரேகைக் கருவி வந்தது. கொரோனா வந்ததும் அது ஓய்ந்தது. இடையில் பள்ளித் தகவல்களைச் சேர்க்கும் எமிஸ் இணையதளம் வளர்ந்துகொண்டே போனது. பிறகு துறையின் கைபேசிச் செயலி வந்தது. ஆசிரியர் வருகை, மாணவர் வருகை, உயரம், எடை, புத்தகம் கொடுத்தது, சீருடை கொடுத்தது, காலணி கொடுத்தது, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, மன்றச் செயல்பாடு என்று எல்லாம் அதற்குள் போயின.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்திருக்கிறார். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்குப் போனை எடுத்துக்கொண்டு நடக்கிறார். அந்தக் கால்மணி நேரம் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் தாமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேலே பச்சைக் குறி விழுந்துவிடும்: ஆசிரியர் பணியில் இருக்கிறார். ஆமாம், இருக்கிறார். பாடத்தில் இல்லை. இதை ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொன்ன பிறகுதான் 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக்கின் போராட்டத்தை ஒட்டி, வருகைப் பதிவைத் தவிர மற்ற எமிஸ் வேலைகளிலிருந்து ஆசிரியர்களை விடுவிப்பதாக அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தார். அந்த அறிவிப்பு அரசே தந்த ஒப்புதல். கண்காணிப்பின் பெயரால் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட நேரம் உண்மையானது, அதைச் சோம்பேறிகளின் சாக்கு என்று இனி ஒதுக்க முடியாது.

கண்காணித்தால்தான் தரம் உயரும் என்பவர்கள் விருதுநகரின் தேர்ச்சிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மழை பொய்க்கும் கரிசல், விவசாயம் கைவிட்ட ஊர்கள், பட்டாசிலும் தீப்பெட்டியிலும் அச்சிலும் கூலி வேலை. 2018-ல் ஒன்றிய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து எடுத்தது இரண்டைத்தான்: ராமநாதபுரமும் விருதுநகரும். அந்த ஆண்டே பிளஸ் டூ தேர்ச்சியில் 97 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம் விருதுநகருக்கு. 2017-லும் முதலிடம், அதற்கு முன்னும் பல்லாண்டு முன்வரிசை. ரேகைக் கருவி வந்தது 2019-ல். அப்படியானால் அந்த முதலிடங்களைக் கொண்டுவந்தது எது? காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, தேர்வுக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டும் ஆசிரியர், வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளி நடத்திய காமராசர் ஊரின் பழக்கம். தேர்ச்சி விழுக்காடு கல்வியின் முழு அளவுகோல் இல்லை, மனப்பாடத்தையும் அழுத்தத்தையும் அது மறைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எண்ணைக் காட்டி வாதிடுகிறவருக்கு எண்ணாலேயே பதில் சொல்ல இந்த மாவட்டத்தால் முடியும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சிவகாசியின் துயரம் ஆசிரியர் வராததால் வந்ததில்லை. பிள்ளை வராததால் வந்தது. சலம் பென்னுர்கர் 1990-ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, விடியுமுன் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் ஆலை வண்டிகள் மறக்காது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் வந்திருந்தன. தீர்ப்பு டெல்லியில் வந்தது. பிள்ளையைத் தீப்பெட்டி ஆபிஸிலிருந்து, அதாவது ஆலையிலிருந்து, பெஞ்சுக்குக் கூட்டிவந்தவர்கள் இங்கே இருந்த ஆசிரியர்கள். பெயர் கூப்பிடும்போது பதில் வராத இடத்தில் நிறுத்தி, ‘அவன் எங்கேடா?’ என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டவர்கள். சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, தகப்பன் வாங்கிய முன்பணக் கணக்கைக் கேட்டவர்கள். ஆலை வாசலில் நின்று ஏச்சு வாங்கியவர்கள்.

இருப்பிடத்தைக் காட்டு என்னும் கணக்கில் அந்த ஆசிரியர் யார்? காலை பத்து மணிக்குப் பள்ளி எல்லைக்கு வெளியே இருப்பவர். விளக்கம் கேட்க வேண்டியவர். பிள்ளையைத் தேடி தெருவுக்குப் போனவரையும் ஊர்சுற்றப் போனவரையும் வரைபடத்துப் புள்ளி ஒன்றாகத்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறிய மனிதர் வேண்டும்.

குழந்தை உழைப்பு ஒழிந்துவிட்டது, இன்னும் எதற்கு அந்தக் கதை என்று கேட்கலாம். ஆலைக்குள் குறைந்தது உண்மை, மகிழ்ச்சிதான். ஆனால் வேலை வீட்டுக்குள் நகர்ந்தது. காகிதக் குழாய் உருட்டுவதும் சில ஊர்களில் திருட்டுத்தனமாகக் கருந்திரி செய்வதும் திண்ணையிலும் கொட்டகையிலும் நடக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. திங்கள்கிழமை காலையில் ஒரு பிள்ளையின் விரலிடுக்கில் பசை காய்ந்திருக்கிறதா, நகத்தடியில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுங்குகிறதா என்று பார்க்கும் கண் ஆசிரியருடையது. செயலியில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் வைக்கவும் கூடாது என்பேன். நாளைக்கே ‘அலுமினியப் பொடி: ஆம், இல்லை’ என்று கேட்டால், அதை நிரப்பிய மறுநாள் அந்தத் தாய் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவாள். ஆசிரியர் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும், பேச வேண்டும், பேச்சு எடுபடாத இடத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறிந்ததெல்லாம் மேலே ஏற்றப்பட வேண்டிய தகவல் கிடையாது. அதில் பெரும்பகுதி, அந்தக் குடும்பம் அவரை நம்பி ஒப்படைத்தது.

பதிவேடு சரியாக இருந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த வட்டாரம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலையின் ஒரு மருந்து அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோதான் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். உள்குத்தகைக்கு விட்ட அறையில் அந்தக் கணக்கு நிற்காது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாடு ஆசிரியர் தினம் கொண்டாடிய அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. காகிதத்தில் மூடியிருந்த ஆலை உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி என்று அந்தப் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு ஆலையிலும் ஒரு பதிவேடு இருந்தது. அதை வாசித்தவர்களுக்கு அறைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

இந்த ஊர்த் தாய்மார்கள் நூறுநாள் வேலைக்குப் போனபோது நடந்ததும் பாடம்தான். 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத் தளத்திலும் செயலி வழியே படத்துடன் வருகை கட்டாயம் என்றது ஒன்றிய அரசு. முறைகேடு ஒழியும் என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், ஆகவே இனி மனிதர்கள் சரிபார்க்க வேண்டும். ஏமாற்ற நினைத்தவர் வழி கண்டுபிடித்தார். சிக்னல் கிடைக்காத நேர்மையானவர் கூலியை இழந்தார். மருந்தும் பசையும் ஓயாமல் தேய்த்த விரல் கருவியில் பதியாமல், ரேஷன் கடையில் திரும்பத் திரும்ப அழுத்தி நிற்கும் பெண்களுக்கு இது புதிதும் இல்லை.

யோக்கியனுக்கு எதற்குப் பயம் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பயப்பட வேண்டியது யோக்கியர்தான். அவருடைய முகமும் இருப்பிடமும் எங்கே போய்ச் சேர்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்றிய அரசின் தீக்‌ஷா கல்வித் தளத்தின் தகவல்கள் பூட்டில்லாத சர்வரில் கிடந்ததை 2023 ஜனவரியில் வயர்டு இதழ் வெளிப்படுத்தியது. பத்து லட்சத்துக்கும் மேலான ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அதில் இருந்தன. ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் விவரமும் இருந்தது. அவர்களில் ஒருவரும் எந்தத் தவறும் செய்தவர் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு அளவான வழியாக இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டு முடியும் வேலைக்கு முகத்தின் அளவுகளை எடுப்பது அளவான வழியா? சுவீடனில் ஷெலெஃப்தியோ நகராட்சி, தன் பள்ளி ஒன்றில் வெறும் 22 மாணவர்களிடம் சில வாரம் முகப்பதிவு வருகையைச் சோதித்ததற்கு 2019-ல் அபராதத்துக்கு உள்ளானது. பெற்றோர் சம்மதித்தார்கள் என்ற வாதத்தை அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளையும் பெற்றோரும் தரும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்றது.

ஐ.டி. கம்பெனி ஒப்பீடும் நிற்காது. அங்கே அட்டையும் கதவும் கணினியும் கம்பெனியுடையவை. இங்கே 2024-ல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வரும்வரை, சொந்தப் போனில், சொந்தக் காசில் போட்ட டேட்டாவில் அரசு வேலை நடந்தது. ஆந்திரத்தில் 2022-ல் முகப்பதிவுச் செயலி வந்தபோதும் ஆசிரியர்கள் இதைத்தான் எதிர்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் கொண்டுவந்த டிஜிட்டல் வருகையை அரசு சில நாள்களிலேயே நிறுத்திவைத்தது. மழையில் மூழ்கிய பாதையைக் கடந்து வரும் ஆசிரியைக்குச் செயலி ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது என்று அங்குள்ள ஆசிரியர்கள் சொன்னதில் அகம்பாவம் எதுவும் இல்லை.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றுச் சான்றிதழ் தொலைந்த பிள்ளைக்கு எமிஸ் எண் உதவுகிறது. ஊர் மாறிய குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்று தேட அது உதவும். தகவல் மேலே போனால் பள்ளிக்கு ஏதாவது கீழே வருமா என்பதே என் கேள்வி. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றி ஆசிரியர் பதிந்தால், அடுத்த வாரத்துக்குள் ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு விடுதி இடம், தகப்பனின் முன்பணக் கடனுக்கு ஒரு வழி வருகிறதா? வருவதானால் அந்தச் செயலியை ஆசிரியர்களே கேட்டு வாங்குவார்கள். விளக்கக் கடிதம் மட்டும்தான் வருமென்றால் அது கல்விக் கருவியாகாது.

ஆசிரியரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கேட்கும் உரிமை உள்ளவர்களைக் கல்வி உரிமைச் சட்டமே காட்டியிருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் வந்தாரா, நடத்தினாரா, பிள்ளையை அடித்தாரா என்று அந்தப் பெண்களுக்குத் தெரிவதைவிட அதிகமாக எந்தத் திரைக்கும் தெரியாது. ஆனால் பல ஊர்களில் அவர்களிடம் கையெழுத்து மட்டும்தான் வாங்கப்படுகிறது. வட்டாரக் கல்வி அலுவலரைப் படிவத்திலிருந்து விடுவித்து, மாதத்தில் பாதி நாள் பள்ளி வகுப்பில் பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்த கண்காணிப்புச் செயலி எதுவானாலும் மாவட்டத்தின் 11 ஒன்றியங்களுக்கும் அனுப்புமுன் ஒவ்வொரு குழுவின் முன்னும் வையுங்கள். என்ன தகவல் எடுக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், எத்தனை நாளில் அழிக்கிறீர்கள், எந்தக் கம்பெனி பார்க்கும், தவறாகக் குறி விழுந்தால் ஆசிரியர் யாரிடம் முறையிடுவார் என்று தமிழில், வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாள்களில் அவர்கள் பட்டாசு ஆபிஸில் இருப்பார்கள், வந்தால் அன்றைய கூலி போய்விடும்.